முன் பிரேக்

கேட்டக்காவுக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியாது. சைக்கிள்கூடத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் தோட்டத்தில் அவர் நிறுத்திச் சோதிக்காத மோட்டார் ஒன்றுகூட இல்லை.

ரந்தாவ் ஊர்ப் பக்கம் இருக்கும், எண்ணெய்க்குப் பழம் தரும் செம்பனைத் தோட்டம் எங்களுடையது. எங்களுடையது என்றால் நாங்கள் குடியிருப்பது, அவ்வளவுதான். வீடு நிர்வாகத்தின் வீடு. அப்பா வேலையில் இருக்கும்வரை இருக்கலாம், வேலை போனால் சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். தோட்டத்துச் செம்மண் பாதை தார் ரோட்டில் ஏறும் இடத்தில் ஒரு தடுப்புக் கம்பும், பக்கத்தில் ஜாகா, அதாவது காவல்காரர், உட்காரும் தகரக் கொட்டகையும் இருந்தன. அங்கே காவலுக்கு வந்தவர்தான் அவர். நாற்பது, நாற்பத்தைந்து வயது இருக்கும். சட்டையில் அவரைக் காவலுக்கு அனுப்பிய கம்பெனியின் பேர் தைத்திருந்தது. அவருடைய பேரை யாரும் கேட்கவில்லை. கேட்டில் இருக்கும் அக்கா, கேட்டக்கா. முடிந்தது கதை.

அவருக்குக் கொடுத்த வேலை, யாரும் சாக்கில் பழத்தைத் திருடிக்கொண்டு வெளியே போகாமல் பார்ப்பது. அவர் பார்த்ததோ மோட்டாரை.

நான் அப்போது செனாவாங்கில் ஒரு தொழிற்சாலையில் பிற்பகல் ஷிப்டு. முதல் நாள் என்னை நிறுத்தியபோது சாக்கைத்தான் தேடுகிறார் என்று நினைத்து இருக்கையைத் திறந்து காட்டினேன். அவர் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. முன் விளக்கைப் போடச் சொன்னார். பின்னால் போய் நின்று, "பிரேக்க அமுக்கு," என்றார். சிவப்பு விளக்கு எரிந்ததும் தலையாட்டினார். ஹார்ன் அடிக்கச் சொன்னார். குந்தி உட்கார்ந்து டயரின் பள்ளத்தில் கட்டைவிரல் நகத்தை விட்டுப் பார்த்தார். காலில் போட்டிருந்த சப்பாத்து நுனியால் சங்கிலியைத் தூக்கிப் பார்த்தார். கடைசியாக முன்னால் வந்து, முன் சக்கரத்தை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்தார்.

"முன் பிரேக்கப் புடி. நல்லா புடி."

பிடித்தேன். அவர் பலங்கொண்ட மட்டும் தள்ளினார். மோட்டார் என்னையும் சேர்த்து ஓரடி பின்னால் போனது.

"எறங்கு," என்றார்.

அவர் கோபமாகச் சொல்லவில்லை. முகம் வெளிறிப் போயிருந்தது. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. திட்டுகிற ஜாகாவை எனக்குத் தெரியும், திருப்பித் திட்டிவிடலாம். ஒருத்தர் நம்முடைய மோட்டாரைப் பார்த்து நடுங்கினால் என்ன செய்வது?

முன் பிரேக் ஏன் பிடிக்கவில்லை என்று சொல்ல வேண்டும். அது பழுது இல்லை, எங்கள் ஊர்ப் பழக்கம். தோட்டத்தில் மழை பெய்தால் செம்மண் வழவழவென்று ஆகிவிடும். இறக்கத்தில் பழச் சாக்கோடு வரும்போது பதற்றத்தில் முன் பிரேக்கைத் தொட்டால் போதும், சக்கரம் பூட்டிக்கொண்டு ஆளைத் தூக்கி எறிந்துவிடும். அதனால் எல்லாரும் முன் சக்கரத்தின் அடியில் இருக்கும் நட்டைக் கையாலேயே திருகித் தளர்த்திவிடுவார்கள். கை பதறி அழுத்தினாலும் ஒன்றும் பிடிக்காது. பின் பிரேக்கை மட்டும் நம்பி இறங்குவார்கள். உள்ளே அதுதான் புத்திசாலித்தனம். அதே மோட்டாரைத் தார் ரோட்டில் ஏற்றினால் அதைவிடப் பெரிய முட்டாள்தனம் கிடையாது.

எங்கள் வீட்டில் ஒரே ஒரு மோட்டார், காப்சாய் என்று சொல்கிற பழைய சின்ன வண்டி. அதிகாலையிலிருந்து மதியம்வரை அப்பாவுக்கு. காட்டில் உதிர்ந்த பழங்களைப் பொறுக்கிச் சாக்கில் கட்டிக் கொண்டுவருவார். ஒன்றரை மணிக்கு மேல் எனக்கு. ஆகவே ஒவ்வொரு மதியமும் நான் நட்டை இறுக்க வேண்டும், வேலை முடிந்து திரும்பியதும் அப்பாவுக்காகத் தளர்த்தி வைக்க வேண்டும். இறுக்க அடிக்கடி மறப்பேன், என் உயிர்தானே என்ற திமிர். தளர்த்த மட்டும் அதுவரை மறந்ததில்லை.

கேட்டக்கா அன்றைக்குக் குந்தி உட்கார்ந்து அந்த நட்டை அவரே இறுக்கினார். விரல் சிவக்கச் சிவக்கத் திருகினார். எழுந்து மறுபடியும் தள்ளிப் பார்த்தார். மோட்டார் அசையவில்லை. காலையில் இதை யார் ஓட்டுவது என்று கேட்டார், அப்பா என்றேன்.

"வீட்டுக்குப் போனதும் லூஸ் பண்ணிடு தங்கச்சி. காலைல அப்பா மண்ணுல எறங்கணும்."

என்ன பேச்சு இது என்று முணுமுணுத்துக்கொண்டே போனேன். ஆனால் அதன்பிறகு என்னை அனுப்பும் ஒவ்வொரு நாளும் இதையே சொன்னார். ஒரு நாள்கூட விட்டதில்லை.

இந்தச் சோதனையை எங்கே கற்றார் என்றால், சிங்கப்பூரில். அங்கே மோட்டார்களைப் பரிசோதிக்கும் இடம் ஒன்றில் பல வருஷம் தரை கூட்டித் துடைத்திருக்கிறார். துடைப்பத்தோடு நின்றபடி பார்த்துப் பார்த்தே எல்லாம் மனப்பாடம். ஒருமுறை மழைக்குக் கொட்டகையில் ஒதுங்கியபோது சொன்னார்.

"அங்க மூணு வருஷம் ஆச்சுன்னா அப்புறம் வருஷா வருஷம் கொண்டு வந்து காட்டணும். பாஸ் ஆவலன்னா ரோட்டுல ஏத்த முடியாது. பெரிய ஆளு, சின்ன ஆளு எல்லாரும் வருவாங்க. பாலத்தத் தாண்டி இந்தப் பக்கம் வந்தேன். நம்ம மோட்டார யாரு பாக்குறாங்க? விக்கும்போது பேரு மாத்தணும்னா எஞ்சின் நம்பரப் பாப்பாங்க. அதோட சரி. போலீசு நிறுத்துனா லைசன்சு கேப்பாங்க, ரோட்டு டேக்ஸ் கேப்பாங்க. பிரேக்கு இருக்கான்னு கேப்பாங்களா?"

"கேக்க மாட்டாங்க," என்றேன்.

"இந்தத் தோட்டத்துக்குள்ள அதுவும் இல்ல. நம்பர் பிளேட்டே இல்லாம ஓடுது. ஒரே மோட்டார்தான் தங்கச்சி. ஒரு எடத்துல பத்து பேரு பாக்குறாங்க, ஒரு எடத்துல ஒருத்தரும் பாக்குறதில்ல. லோரிக்கு அது தெரியுமா?"

அப்போது ரோட்டில் ஒரு லோரி போனது. பேச்சை நிறுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். சத்தம் தேய்ந்த பிறகுதான் திறந்தார். ஒவ்வொரு லோரிக்கும் அப்படித்தான். ஒரு நாளைக்கு எத்தனை லோரி போகும் அந்த ரோட்டில், அத்தனை தடவை. அவர் ஊற்றி வைத்த தேநீர் எப்போதும் ஆறிப்போய்க் கிடக்கும்.

வேலைக்கு அவர் பஸ்ஸில் வந்து, முச்சந்தியில் இறங்கி, புல்லோரமாக நடந்து வருவார். எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடிதான் நடப்பார், ஒரு நாளும் முதுகைக் காட்ட மாட்டார். மாலை ஏழு மணிக்கு அவருடைய நேரம் முடிந்துவிடும். நான் திரும்பும்போது இருக்க மாட்டார். மறுநாள் மதியம் என்னைக் கண்டதும் ஒரு கேள்வி வரும்.

"நேத்து வந்துட்டியா?"

வராமல் இன்றைக்கு எப்படி எதிரில் நிற்பேன்? முதலில் சிரிப்பு வந்தது, பிறகு எரிச்சல் வந்தது, கடைசியில் ஒரு மாதிரி ஆகிவிட்டது. என்னை அனுப்பிவிட்டு மறுநாள் மதியம்வரை இந்த மனுஷி நான் வந்தேனா இல்லையா என்று தெரியாமல்தான் இருந்திருக்கிறார். நான் மட்டும் இல்லை, வெளியே போன அத்தனை பேரும்.

யாரையோ பறிகொடுத்தவர் என்று லயத்து வரிசை வீடுகளில் பேசிக்கொண்டார்கள். புருஷன் லோரியில் அடிபட்டுப் போய்விட்டான் என்றார் ஒருவர், இல்லை மகன் என்றார் இன்னொருவர். புருஷன் ஜொகூரில் மீன் கடையில் உட்கார்ந்து தினமும் வீடியோ காலில் அவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்ததை நானே பார்த்திருக்கிறேன். மகன் படித்துக்கொண்டிருந்தான். ஒரு நாள் வாயை அடக்க முடியாமல் கேட்டேவிட்டேன்.

"அக்கா, ஒங்க வீட்டுல யாராச்சும் ஆக்சிடென்ட்ல போயிட்டாங்களா?"

"யாருமே போகல," என்றார். "அதான் பயமா இருக்கு. எல்லாரும் இருக்காங்க பாரு."

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். அன்றைக்கு முழுக்க அந்த வார்த்தை கூடவே வந்தது.

ஆம்பிளைகள் அவரை விட்டுவைக்கவில்லை. பழம் ஏற்றும் லோரி ஓட்டுபவர் ஒருநாள் கேட்டில் நிறுத்தி, "என்னக்கா, மோட்டாரு மட்டும்தானா, என் லோரியையும் ஒரு பார்வ பாருங்களேன் லா," என்று கிண்டல் செய்தார். அக்கா நிஜமாகவே குனிந்து அடியில் புகுந்துவிட்டார். வெளியே வந்து, "பின் டயரு மொட்ட. கம்பி தெரியுது. நான் தெறக்க மாட்டேன்," என்று கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். லோரி நிறையப் பழம் வெயிலில் நின்றது. கடைசியில் தோட்ட ஆபீசில் கணக்கு எழுதும் கிராணியே ஜீப்பில் வந்தார். எங்கள் தோட்டத்தில் மானேஜரை யாரும் பார்ப்பதில்லை. எல்லாம் கிராணிதான்.

"ஒன்ன பழத்தப் பாக்க வச்சிருக்கோம். டயரப் பாக்க இல்ல."

"பழத்தையும் பாத்துட்டேன் சார். பழம் நல்லாதான் இருக்கு."

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். கிராணி சிரிக்கவில்லை. அவரே கம்பைத் தூக்கி லோரியை அனுப்பினார். போகும்போது, "இன்னொரு தடவ இப்புடி நடந்தா வேற ஆளு கேப்பேன்," என்றார். அக்கா லோரி வளைவு திரும்பும்வரை பார்த்துக்கொண்டே நின்றார். லோரி மறைந்த பிறகும் கம்பை இறக்கவில்லை. அந்தப் பயம் வேலையைப் பற்றியது இல்லை என்று இப்போது நிச்சயமாகச் சொல்வேன்.

அதற்குப் பிறகு ஒரு மழை நாள். செனாவாங் சிக்னலுக்கு முன்னால் எனக்கு முன்னே போன, கொண்டேனர் பெட்டி ஏற்றிய லோரி சடாரென்று நின்றது. இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்தேன். மோட்டார் வழுக்கிக்கொண்டே போய், லோரியின் பின்னால் இருக்கும் இரும்புக் கம்பிக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. அந்தக் கம்பி சரியாக என் கழுத்து உயரத்துக்கு இருந்தது. அன்றைக்கும் நான் நட்டை இறுக்க மறந்துதான் கேட்டுக்கு வந்தேன். அக்கா திட்டாமல் உட்கார்ந்து இறுக்கிவிட்டு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

மறுநாள் வழக்கம்போல, "நேத்து வந்துட்டியா?" என்றார். "ம்," என்றேன். அந்த இரும்புக் கம்பியைப் பற்றிச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சொன்னால் இன்னும் பயந்துவிடுவார் என்று எனக்கு நானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து நடந்ததைத்தான் நான் வெகுநாள் யாரிடமும் சொல்லவில்லை.

அன்று எனக்கு ஓவர்டைம். கொட்டுகிற மழையில் நனைந்துகொண்டே வந்து, மோட்டாரைத் தாழ்வாரத்தில் சாய்த்துவிட்டு, ஈரத் துணியை மாற்றிப் படுத்தவள்தான். நட்டைத் தளர்த்தவில்லை. நினைவே வரவில்லை. மதியம் கேட்டில் அக்கா சொல்லத்தான் செய்தார், "வீட்டுக்குப் போனதும் லூஸ் பண்ணிடு," என்று. தினமும் கேட்டுக் கேட்டு என் காது அதைக் கேட்பதை நிறுத்திவிட்டிருந்தது.

காலையில் அப்பா பெரட்டுக்குப் போனார். பெரட்டு என்பது ஆள் எடுக்கும் இடம், பேர் கூப்பிடும்போது இல்லையென்றால் அன்றைக்கு வேலை இல்லை. அங்கிருந்து காட்டுக்கு இறங்கும் சரிவில் விழுந்தார். ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் பின்னாலேயே வந்ததால் நேரில் பார்த்திருக்கிறார். முன் சக்கரம் அப்படியே பூட்டிக்கொண்டதாம், அப்பா மோட்டாரைத் தாண்டிப் போய் விழுந்தாராம். வலது தொடை எலும்பு இரண்டாகப் போய்விட்டது. சிரம்பான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியெல்லாம், அப்பா வலியில் கத்தவில்லை. வீடு, வீடு என்று மட்டும் முனகினார்.

மண்டோர் நட்டைத் தொட்டுப் பார்த்து, இறுகியிருக்கிறது என்று சொல்லிவிட்டார். யார் இறுக்கியது? கேட்க வேண்டுமா? தோட்டத்தில் அந்த நட்டை இறுக்குகிற ஆள் ஒருவர்தானே. லயம் முழுக்க ஒரே நாளில் அக்காவின் தலையை உருட்டியது.

மறுநாள் ஆபீசில் கூப்பிட்டார்கள். கிராணி, மண்டோர், நான், அக்கா.

கிராணி முதலில் என்னைத்தான் பார்த்தார். "ஒங்கப்பா கவனமில்லாம ஓட்டுனாருன்னா அது அவரு தப்பு. கவனமில்லாத ஆள வேலையில வச்சிக்க முடியாது. வேலை இல்லாதவருக்கு இங்க வீடு எதுக்கு? அதனாலதான் கேக்குறேன். நட்டு எப்புடி இறுகுச்சு?"

அக்காதான் பேசினார்.

"நான்தான் சார் இறுக்குனேன்."

"தோட்டத்துக்குள்ள முன் பிரேக்கு இறுக்கமா இருக்கக் கூடாதுன்னு தெரியாதா ஒனக்கு?"

"தெரியும் சார்."

"தெரிஞ்சேவா செஞ்ச?"

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். இப்போது சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். தினமும் சொல்லித்தான் அனுப்பினேன் சார், இந்தப் பொண்ணுதான் தளர்த்தவில்லை என்று. சொல்ல எல்லா நியாயமும் அவருக்கு இருந்தது. நான் என் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சொல்லிவிடாதீர்கள், சொல்லிவிடாதீர்கள் என்று மனசு அடித்துக்கொண்டது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

"பயந்துட்டேன் சார்," என்றார் அக்கா. "பயந்து இறுக்கிட்டேன். அவரு மேல தப்பு இல்ல."

கிராணி போனை எடுத்து அந்தக் கம்பெனியைக் கூப்பிட்டார். நாங்கள் வெளியே வந்தோம். படியில் இறங்கும்போது அக்கா என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"எந்தக் காலு?"

"வலது கால்க்கா."

தலையாட்டிவிட்டு, தார் ரோட்டின் புல்லோரமாக நடந்து போனார். மறுநாள் கேட்டில் வேறொரு ஆள் இருந்தார். கம்பைத் தூக்கிக் கயிற்றில் கட்டிவிட்டு, போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பழத்தையும் பார்க்கவில்லை, மோட்டாரையும் பார்க்கவில்லை. கையை மட்டும் ஆட்டினார், போ போ என்று.

அன்றைக்குப் பிடித்தது எனக்குப் பயம். கேட்டு திறந்தே கிடக்கும். தாண்டிப் போய் நிறுத்துவேன், இறங்குவேன், டயரைப் பார்ப்பேன், நட்டைப் பார்ப்பேன். ஏறுவேன், மறுபடியும் இறங்குவேன். லோரி வந்தால் ஓரம் கட்டிவிடுவேன். தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்பவள், "ஏன் லா, பேய் அடிச்ச மாதிரி வர்ற?" என்று கேட்டாள். தூக்கம் வரவில்லை என்றேன்.

அப்பாவுக்குக் கால் கூடியது, ஆனால் விந்தி விந்தித்தான் நடக்கிறார். காவல்காரர் மேல் தப்பு என்று முடிவாகிவிட்டதால், ஆபீசில் அவரை நீக்கவில்லை. செம்பனைக் கன்று வளர்க்கும் இடத்தில் தண்ணீர் ஊற்றும் வேலை கொடுத்தார்கள். வீடு இருக்கிறது. இதே வீட்டில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

போன தீபாவளிக்கு முந்திய வாரம், அப்பாவின் காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். எலும்பு சேர்ந்த இடத்தில் ஒரு மேடு இருக்கும். என் விரல் அதில் பட்டதும், அதற்குமேல் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

"அப்பா, அந்த நட்ட நான்தாம்ப்பா லூஸ் பண்ணாம விட்டுட்டேன். அக்கா சொல்லித்தான் அனுப்புனாங்க. நான் மறந்துட்டேன்."

அப்பா என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியும் பாப்பா."

"எப்புடி?"

"காலைல கை வச்சப்பவே தெரிஞ்சிச்சு. பிரேக்கு புடிச்சிக்கிட்டுதான் இருந்துச்சு. எறங்கி ஒரு திருகு திருகினா முடிஞ்சிச்சு. பெரட்டுக்கு நேரமாச்சேன்னு, கீழ போயி பாத்துக்கலாம்னு போயிட்டேன்."

என் கை நின்றுவிட்டது. கிராணி ஆஸ்பத்திரிக்கே வந்து அப்பாவைக் கேட்டது ஞாபகம் வந்தது. பிரேக் இறுக்கமாக இருந்தது தெரியுமா என்று கேட்டார். தெரியாது சார் என்று அப்பா சொன்னார். நான் கட்டில் பக்கத்தில்தான் நின்றேன்.

"தெரிஞ்சும் ஏம்ப்பா தெரியாதுன்னு சொன்னீங்க?"

"நீ ஏன் சொல்லல?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் தைலத்தைக் கையில் ஊற்றிக்கொண்டேன். பிறகு நானே கேட்டேன்.

"நாளைக்கு ஆபீசுக்குப் போயி சொல்லிடுவமாப்பா? அக்கா எங்க இருக்காங்கன்னு அவங்களுக்குத் தெரியும். கூப்புட்டு மன்னிப்பாச்சும் கேக்கலாம்."

அப்பா கூரையைப் பார்த்தார், அடுப்படியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"வீட்டத் திருப்பிக் கேட்டா?"

தைலப் புட்டியை மூடி வைத்தேன். இன்றுவரை நாங்கள் போகவில்லை.